மனப்பிணியும் மருத்துவரும்

மேனியில் நோய் கண்டால் மருத்துவரை நாடுகின்றோம். மனத்தில் நோய் கண்டால் யாரை நாடுவது? நம் சங்கத்து அன்பர் ஒருவர் அண்மையில் இவ்வினாவை எழுப்பினார். “பௌத்தன் தன் மனத்தைத் தானே காக்கக் கடமைப்பட்டவன். அவன் முன்பின் அறியாத ஒருவர் எதிரில் அமர்ந்து, கட்டணமும் செலுத்தி, தன் உள்ளக் கிடக்கையைத் திறந்து காட்டுவது தம்மத்திற்கு இழுக்கன்றோ?” என்பது அவர் ஐயம். இவ்வையம் அவர் ஒருவருடையது அன்று. நம் குடும்பங்களில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் உறைந்து கிடப்பது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதற்கண், மனநோய் என்பது வெட்கத்திற்குரியதா? அங்குத்தர நிகாயத்தில் பகவன் புத்தர் நோயை உடல்நோய், மனநோய் என இரண்டாகப் பகுத்தார். உடல்நோயின்றிப் பல்லாண்டுகள், நூறாண்டுகள்கூட வாழ்ந்தோரைக் காணலாம். ஆனால் ஆசவங்கள் அற்ற அருகந்தரை நீக்கினால், மனநோயின்றி ஒரு கணமேனும் இருந்தேன் என்று கூறவல்லார் உலகில் அரியர் என்பது அவர் போதனையின் கருத்து. அவர் அங்கே குறித்தது ஆசை, வெகுளி, மயக்கம் ஆகியவற்றால் வரும் பிணியை. இன்றைய மருத்துவம் மனநோய் என்று கூறுவது அதனின் வேறாய், உறக்கமும் உணவும் ஒழிந்து, அன்றாட வாழ்வே நின்றுவிடும் நிலையைக் குறிப்பது. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு: மனம் நோவது மனிதர் யாவர்க்கும் இயல்பு; அஃது எவருடைய குற்றமும் அன்று.

எண்களும் இதனையே காட்டுகின்றன. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் (10.6 விழுக்காடு) ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் இருப்பது கண்டறியப்பட்டது. அவர்களுள் சிகிச்சை பெறாதோர் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். கால் ஒடிந்த பத்துப் பேரில் எண்மர் கட்டுப்போடாது நொண்டி நடந்தால் அவ்வூரை நாம் என்னவென்போம்? மனம் ஒடிந்தோர் நிலை இன்று அதுவே.

இனி அன்பரின் இரண்டாவது ஐயத்திற்கு வருவோம். தனக்குத் தானே தீவாகவும் புகலிடமாகவும் இருக்குமாறு ததாகதர் தம் இறுதி நாட்களில் போதித்தது உண்மை. ஆனால் அவ்வாறு போதித்தவர் தம் வாழ்வில் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதையும் நோக்கல் வேண்டும். உடல் நலிந்தபோது சீவகன் அளித்த மருந்தை அவர் ஏற்றார். இராசகிருகத்து வேணுவனத்தில் கடும்நோயுற்றுக் கிடந்தபொழுது, தம்மைக் காணவந்த மகா சுந்தரை நோக்கி, போதிக்கு உறுப்பாகிய ஏழினையும் எடுத்தோதுமாறு பணித்தார். அவர் ஓதக் கேட்டு நலம் பெற்றார் எனச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. அவ்வேழினையும் உலகிற்கு உரைத்தவரே புத்தர்தாம். அவருக்குத் தெரியாத ஒன்றை மகா சுந்தர் சொல்லிவிடவில்லை. எனினும், தாம் அறிந்ததையே பிறர் வாய்மொழியாகக் கேட்க வேண்டியதொரு வேளை புத்தருக்கும் நேர்ந்தது. நமக்கு நேருமாயின் அதில் இழுக்கென்ன? தனக்குத் தானே புகலிடம் என்பதன் பொருள் தனித்துக் கிடந்து அழிவது அன்று.

இதனை நான் நூலால் மட்டும் அறிந்தேன் அல்லேன். ஒரு பிழையால் அறிந்தேன். அப்பிழையை இங்கே சொல்லாவிடின் இக்கட்டுரை எழுதும் உரிமை எனக்கில்லை.

ஆலையில் நூற்புப் பகுதியில் என்னுடன் வேலை செய்த தோழர் ஒருவர், ஆலை மூடப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின், பௌர்ணமிக் கூட்டம் முடிந்ததும் என்னை அணுகினார். இரவில் உறக்கமில்லை என்றார். சோறு இறங்கவில்லை என்றார். வீட்டிற்குத் தாம் எவ்வகையிலும் பயன்படாதவர் என்றார். நான் உடனே வாய் திறந்தேன். அநித்தியத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். மூச்சைக் கவனிக்கும் முறையைக் கற்பித்து, விடியலில் எழுந்து அமருமாறு சொல்லி அனுப்பினேன். அடுத்த பௌர்ணமிக்கும் வந்தார். அதே அறிவுரையை மேலும் அழுத்தமாகக் கூறினேன். மூன்றாம் பௌர்ணமிக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். தோழர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, அயலார் கண்டு காப்பாற்றி, அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தனர்.

மருந்தாலும், வாரந்தோறும் ஓர் உளவியலாளருடன் நிகழ்ந்த உரையாடலாலும் அவர் ஓராண்டளவில் தேறினார். பின்னர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் சரிதான். ஆனா நான் சொல்ல வந்ததை நீங்க கேக்கவே இல்லியே.”

அச்சொல் இன்றும் என் காதில் உள்ளது. நூற்பு எந்திரத்தில் அறுந்த இழை தானே முடிந்துகொள்வதில்லை; ஒரு கை வந்து பிணைக்க வேண்டும். அறுந்த இடத்தைப் பாராமல் எந்திரத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தவன் நான். கடும் மனச்சோர்வுற்றவரையும், இல்லாத குரல்கள் கேட்பவரையும் மருத்துவரின் யோசனையின்றி நெடுநேரத் தியானத்தில் அமர்த்தினால் நோய் மிகுதலும் உண்டு என்பதை அதன் பின்னரே கற்றேன். தம்மம் பொய்யன்று, அதனை வேளை அறியாது வழங்கியதே பிழை.

ஆகவே சிகிச்சைக்குச் செல்லத் துணிந்தவர்க்கு அங்கே என்ன நிகழும் என்பதை அறிந்த அளவில் கூறுகின்றேன். நகரத்தார் ‘கவுன்சிலிங்’ என்றும் ‘தெரபி’ என்றும் வழங்குவது பேச்சின் வழியாக நிகழும் சிகிச்சை. ஓர் அமர்வு பெரும்பாலும் 45 நிமிடம் முதல் ஒரு மணி வரை நீடிக்கும். வாரம் ஒருமுறை என்பது பொதுவழக்கு. கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் நேரம் குறையலாம், இடைவெளி நீளலாம். முதல் அமர்வில் கேள்விகளே மிகுதி: உறக்கம், உணவு, குடும்பம், தொழில், குடிப்பழக்கம், முன்னர் வந்த நோய்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்றும் வெளிப்படையாகக் கேட்பர். அதனைக் கேட்டு அஞ்ச வேண்டா. அவ்வாறு கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளதைச் சொல்ல வழி பிறக்கின்றது.

முதல் நாளே பாரம் இறங்கிவிடும் என்று எண்ணலாகாது. சிலருக்குச் சொன்னவுடன் ஆறுதல் உண்டாகும். சிலருக்கோ, மூடியிருந்த புண்ணைத் திறந்ததனால் சில நாள் வலி மிகும். உடலில் தைத்த அம்பை எடுக்கும் மருத்துவர் புண்ணைத் துழாவித்தான் அம்பின் முனையைக் காண்கிறார் என்னும் உவமையைப் புத்தரே கையாண்டுள்ளார். மற்றொன்று: சிகிச்சையாளர் தீர்ப்புச் சொல்லும் ஊர்ப் பெரியவர் அல்லர், “இதைச் செய், அதை விடு” என்று நமக்காக வாழ்வை முடிவு செய்பவரும் அல்லர். நாமே நம்மைக் காணுமாறு கேள்விகளால் வழிநடத்துபவர். வீட்டில் செய்து வருமாறு சில பயிற்சிகளையும் அவர் தரக்கூடும். குறிப்பிட்ட சில கோளாறுகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் முடியும் முறைகள் உள்ளன. நெடுநாள் புண்ணுக்கு நெடுநாள் வேண்டும். மருந்து தரப்பட்டால், மனச்சோர்வு மருந்துகள் பயன்காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதை நினைவிற்கொண்டு, தாமாக நிறுத்திவிடாதிருத்தல் வேண்டும்.

நோயாளிக்குரிய இலக்கணத்தையும் புத்தர் வகுத்துள்ளார். தனக்கு ஒவ்வாததைச் செய்பவன், ஒவ்வுவதிலும் அளவறியாதவன், மருந்தை உண்ணாதவன், நன்மை நாடிப் பணிசெய்பவரிடம் நோயை உள்ளபடி உரையாதவன், வேதனையைப் பொறாதவன் ஆகிய ஐவகையாரும் பேணுதற்கு அரியவர் என்றார். இவ்வைந்தனுள் நான்காவதே நம் பொருளுக்கு உயிர்நாடி. குடியை மறைத்து, கடனை மறைத்து, வீட்டில் நிகழும் அடிதடியை மறைத்துவிட்டு, சிகிச்சை பயன் தரவில்லை என்று குறைகூறுதல் முறையன்று. எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டுவதில்லை. ஆனால் சொல்வது உண்மையாயிருக்க வேண்டும். சொல்ல நா எழாவிடின், “ஒன்று இருக்கிறது, அதனை இன்று சொல்ல இயலவில்லை” என்பதுவும் உண்மையே.

இனி, யாரைத் தேர்வது? பெயர்ப் பலகைகளில் காணும் பெயர்கள் பலவாதலின் வேறுபாட்டை அறிதல் நலம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர்; மருந்து எழுதும் உரிமையுடையவர்; மருத்துவக் கழகத்தில் பதிவு பெற்றவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் உயர்கல்வியும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். பேச்சுச் சிகிச்சையும் உளச் சோதனைகளும் இவர் துறை. இவரன்றி மனநலச் சமூகப் பணியாளரும், ஆலோசகரும் உளர். ஆலோசகர் என்னும் பெயரை எவரும் மாட்டிக்கொள்ளும் நிலை நெடுங்காலம் இருந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இத்துறையை ஒழுங்கிற்குள் கொண்டுவர வகைசெய்தது. ஆயினும் பலகையை மட்டும் நம்பாமல், “தாங்கள் என்ன படித்தீர்கள்? எங்கே பதிவு செய்துள்ளீர்கள்? என்னைப் போன்றோர்க்கு முன்னர்ச் சிகிச்சை அளித்தீர்களா? கட்டணம் எவ்வளவு?” என்று பணிவோடு கேட்பது நம் உரிமை. நல்லவர் இக்கேள்விகளால் சினம் கொள்ளார்.

கல்வி மட்டும் போதுமா? நோயுற்றோரைப் பேணுபவர்க்கும் ஐந்து இலக்கணங்கள் அங்குத்தர நிகாயத்தில் உள்ளன. மருந்தைச் செவ்வனே அமைக்க வல்லவராதல்; ஒவ்வுவதும் ஒவ்வாததும் அறிந்தவராதல்; பொருளாசையின்றி அன்பினால் பணிசெய்தல்; மலத்தையும் வாந்தியையும் அருவருக்காதிருத்தல்; தக்க வேளையில் தம்மம் உரைத்து மகிழ்வித்தல். இவற்றைச் சிகிச்சையாளர்க்குப் பொருத்திப் பாருங்கள். கட்டணம் பெறுவது குற்றமன்று, அவரும் உண்ண வேண்டுமன்றோ. கட்டணமே குறியாதல் குற்றம். நாம் கூறும் அழுக்கைக் கேட்டு முகஞ்சுளியாமை நான்காவது இலக்கணம். தம்மம் உரைத்தல் ஐந்தாவதாக, அதுவும் ஈற்றில் நிற்கின்றது. நான் அதனை முதலில் வைத்தேன். அதுவே என் பிழை.

பஞ்சாபைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகி, நம் நாட்டில் குரு-சீடர் உறவு சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகலாம் என 1973-ஆம் ஆண்டில் எழுதினார். சிந்தித்தற்குரிய கருத்து. எனினும் பௌத்தனாகிய நான் ஓர் எச்சரிக்கை சேர்ப்பேன். குரு என்றவுடன் கேள்வி கேளாது பணிதல் என்னும் பழக்கம் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும். ததாகதரோ தம்மையே ஆராய்ந்து பார்த்து ஏற்குமாறு சீடரைப் பணித்தார். காலாமர்க்கும், செவிவழிச் செய்தியாலோ குரு சொன்னார் என்பதாலோ ஏற்காமல், தாமே கண்டறிந்து தீயதைத் தள்ளி நல்லதைக் கைக்கொள்ளுமாறு உரைத்தார். ஆகவே சிகிச்சையாளரைக் குருவாக அன்று, கலியாணமித்திரராக, அதாவது நல்வழி நண்பராகக் கொள்வதே நம் நெறிக்கு ஏற்றது. தனக்குத் தானே புகலிடமாதல் என்பது இங்கேதான் பொருள் பெறுகின்றது: துணையை நாடுதலும், அத்துணையை நம் அறிவால் சோதித்தலும் ஒருங்கே நம் கடமை.

சோதனையில் தவறுவோரை விட்டு விலகத் தயங்க வேண்டா. இத்தனை நாளில் முற்றும் குணமாக்குவேன் என்று உறுதி கூறுபவர், மருத்துவர் தந்த மருந்தை எறிந்துவிடு என்பவர், பிற நோயாளியின் இரகசியத்தை நம்மிடம் பேசுபவர், தகாத முறையில் தொடுபவர், கடன் கேட்பவர், தம் சமயத்தைத் திணிப்பவர் ஆகியோர் சிகிச்சையாளர் அல்லர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் தமிழகத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். நம்பி ஒப்படைத்த இடத்தின் தன்மையை ஆராயாமை எத்தகைய கேட்டில் முடியும் என்பதற்கு அதுவே சான்று. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை எவ்வகையிலும் தடைசெய்கின்றது. நோயாளியின் செய்தியை மறைவாகக் காக்கும் உரிமையையும் அது தருகின்றது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு உண்டு. அவ்விலக்குகள் எவை என்பதை முதல் அமர்விலேயே கேட்டறிக.

நம் மக்களுக்கே உரிய வினா ஒன்று எஞ்சியுள்ளது. சாதி இழிவாலும், வேலையிழப்பாலும், வறுமையாலும் நொந்த மனத்தை நோயென்று கூறிச் சிகிச்சை அளித்தால், குற்றவாளி தப்பி, குத்துப்பட்டவன் நோயாளியாகிவிடானா? நேர்மையான வினா. புத்தர் கூறிய இரண்டு அம்புகளின் உவமை இதற்கு விளக்கம் தரும். முதல் அம்பு வலியைத் தருவது; இரண்டாம் அம்பு, அவ்வலியை எண்ணி எண்ணி மனம் தன்மீதே எய்துகொள்வது. அலுவலகத்தில் ஒருவர் நம்மைச் சாதி சொல்லி இகழ்ந்தால் அது முதல் அம்பு. அதனை எய்த கையைத் தடுப்பது சட்டத்தின் கடமை, சமூகத்தின் கடமை. அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியதும் அக்கையைத் தடுக்கவே. ஆனால் “நான் இழிந்தவன்தான் போலும்” என்று நள்ளிரவில் நம்மை நாமே குத்திக்கொள்வது இரண்டாம் அம்பு. அதனை எடுக்கவே சிகிச்சை. முதல் அம்பே இல்லை, யாவும் உன் கற்பனை என்று கூறும் சிகிச்சையாளர் பயன்படார். அவரை விட்டு வேறொருவரை நாடுக. ஒருவருடைய சமூக நிலையையோ சமயக் குழுவையோ கொண்டு அவரை மனநோயாளர் என முடிவு செய்தல் கூடாது என்று மேற்சொன்ன சட்டமே விதிக்கின்றது. அம்பு தைத்திருக்கையில், எய்தவனைத் தண்டித்தபின்தான் மருந்திடுவேன் என்று காத்திருப்பதும் அறிவுடைமை ஆகாது. இரண்டையும் செய்வோம். புண் ஆறியவனே நெடுநாள் போராட வல்லவன்.

பொருள் வசதியற்றோர் மனந்தளர வேண்டா. அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ சிகிச்சை பெறலாம். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிறமாநிலங்களில் வாழும் நமக்கு மொழி ஒரு தடை. சிகிச்சை மனத்தின் மொழியிலேயே நடத்தல் வேண்டுமாதலின், தமிழறிந்தவர் உளரா என்று கேட்பதில் பிழையில்லை. நான்கைந்து அமர்வுகள் கழிந்தும், இவர் என்னைப் புரிந்துகொள்கிறார் என்ற நம்பிக்கையும், எதை நோக்கிச் செல்கின்றோம் என்ற தெளிவும் பிறவாவிடின், அதனை அவரிடமே சொல்லுக. அதன்பின்னும் மாறாவிடின் வேறொருவரை நாடுக. ஒருவர் பொருந்தவில்லை என்பதனால் சிகிச்சையே பொருந்தாது என்று முடிவு கட்டிவிடலாகாது.

இறுதியாக, நம் சங்கத்தார் யாவர்க்கும் ஒரு சொல். விநயத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை நாம் அறிவோம். வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே வீழ்ந்து கிடந்தார் ஒரு பிக்கு. பேணுவார் எவரும் இல்லை. காரணம் வினவியபோது, தாம் பிற பிக்குகளுக்கு எவ்வகையிலும் பயன்படாதவர் என்றார். ததாகதர் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். இருவரும் அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். அங்கே ததாகதர் முதலில் கேட்டது, நோய் என்ன, பேணுவார் உண்டா என்பதே. போதனை பின்னர் வந்தது.

பயன்படாதவன் என்று என் தோழரும் சொன்னார். அச்சொல்லை நான் கேட்டும் கேளாதவனாக இருந்தேன். இனி நம் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வருவோருள் எவரேனும் அச்சொல்லைச் சொல்வாராயின், நம் வாய் மூடுக, செவி திறக்க. அவர் சொல்லி முடித்தபின், மருத்துவமனைக்குத் துணையாக உடன் செல்க. அதுவே அவ்வேளைக்குரிய தம்மம்.

எல்லா உயிர்களும் நலமுடன் வாழ்க.